பட்லர் சவரிமுத்துவுக்கு ஒரு சர்ட்டிபிகேட்

அன்புள்ள நைனா,

பாட்டிலில் ஜின் பென்சில் கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது. அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. மூடியின் மேல் வைத்த அரக்கு அப்படியே இருந்தது.

எங்கே என்கிறீர்களா? அடையாறு பங்களாவில்தான். துரைசானி சீமைக்குத் திரும்புகிறார். சாமான்களுக்கு உறை தைக்க ஆள் கேட்டார்களாம். மடத்து சிஸ்டர் என்னை அனுப்பினார். "அந்த வாசப்படிய மிதிக்காதே" என்றாள் அம்மா. மிதித்தேன். உங்களைத் துரத்திய வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது.

இதைக் கோயில் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். அதனால் படிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் நைனா அங்கே பதினாறு வருஷம் பட்லர். முதல் உலகச் சண்டைக்கு முன்னால் வாங்கிய ஜின் ஒரு பெட்டி அந்த வீட்டில் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு விருந்தில் முதல் பாட்டிலைத் திறந்தார்கள். அளவு குறைந்திருந்தது, காரமும் இல்லை. பட்லர் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, திரும்ப அரக்கு வைத்துவிட்டான் என்றார் துரைசானி. மற்ற பாட்டில்களில் ஜின் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார்.

"சரக்குக்கு வயசாச்சி தொரசானி, தானா எறங்கும்" என்று நீங்கள் சொன்னதை யார் கேட்டார்கள்? நாணயமானவன் என்று துரைசானி எழுதித் தரும் சர்ட்டிபிகேட் இல்லாத பட்லரை எந்த பங்களா சேர்க்கும்? என் படிப்பு எட்டாவதோடு நின்றது. மறு வருஷம் நீங்களும் போய்விட்டீர்கள். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு ஒரு சொட்டுத் தொடாத உங்களை, சாவுக்கு வந்தவர்களே குடிகாரன் என்று கிசுகிசுத்தார்கள்.

நான் உறை தைக்கப் போன அன்று மத்தியானம் துரைசானியின் கடைசி விருந்து. நான் பார்த்த அந்த பாட்டிலின் அரக்கை உடைத்து ஊற்றினார்கள். நரைத்த தாடி டாக்டர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?" என்று சமையல்காரர் மாணிக்கம் மாமாவைக் கேட்டேன்.

"பழசுன்னா பழசுதானாம். பட்டு மாரி கீதாம்."

அன்றைக்குத் திருட்டு, இன்றைக்குப் பட்டா?

"உள்ள போவாதே பாப்பா, தொரசானி தோலை உரிச்சிடும்" என்றார் மாமா. போனேன். மேசையில் மிச்சமிருந்த ஒரு கிளாஸை எடுத்து வாயில் ஊற்றினேன். மன்னியுங்கள் நைனா. எலுமிச்சைத் தோலும் சாம்பிராணியும் கலந்த மாதிரி இருந்தது. தொண்டை சுடவே இல்லை.

"ஏய்! கிளாஸ் கீழே வை!" என்று கத்தினார் துரைசானி.

யாராவது பெயர் கேட்டாலே எனக்குக் குரல் வராது, உங்களுக்குத் தெரியும். அன்று வந்தது. "நான் பட்லர் சவரிமுத்து பொண்ணு. சாவி உங்க கிட்ட இருந்திச்சி. கோடு நீங்க போட்டது. இதுல யாரு குடிச்சா? யாரு தண்ணி ஊத்தினா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாணிக்கம் மாமா பாட்டிலைத் திறந்தபோது எவ்வளவு இருந்தது என்று கோட்டின் கீழே விரல் வைத்துக் காட்டினார். டாக்டர் துரைசானியிடம் மெதுவாக என்னவோ சொன்னார். துரைசானியின் முகம் சிவந்தது.

"சரி, தப்பு. உன் அப்பன் செத்துப் போச்சு. இப்போ என்ன வேணும்? சேலை வேணுமா?"

"சர்ட்டிபிகேட் வேணும். நைனா பேருக்கு."

"செத்த ஆளுக்கு சர்ட்டிபிகேட் எதுக்கு?"

"பரலோகத்துல பட்லர் வேலை காலியா கீதா பாப்பா?" என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு வா" என்றார் துரைசானி. விடிந்தால் கப்பல் என்று எனக்குத் தெரியாதா?

துரைசானி எழுதிக் கொடுத்த தாளை இந்தக் கடிதத்தோடு அச்சுப் போடக் கொடுக்கிறேன் நைனா. இனி உங்களைக் குடிகாரன் என்பவர் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். பதில் சொல்லாமல் விடமாட்டேன், இது என் வாக்கு.

அவர் எப்படி எழுதிக் கொடுத்தார் என்கிறீர்களா? விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, துரைசானிக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

பட்லர் சவரிமுத்துவின் மூத்த மகள்,
செசிலி