பீரில் கை வைத்தது யார்

டிமாரு,
பிப்ரவரி, ஞாயிறு

அன்பு மகள் ரேவினுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், நாய்தான் கொட்டகைப் பக்கமே வரமாட்டேன் என்கிறது, அபர்டீன் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்று அம்மாவுக்குக் கவலை. அங்கே குளிர் என்றால் இங்கே கோடை, நல்ல வெயில், பிளம்ஸ் காய்த்துத் தள்ளுகிறது, அவள் ஜாம் கிண்டிக்கொண்டே இருக்கிறாள். நான் எழுத உட்கார்ந்தது கொட்டகையில் நான் காய்ச்சுகிற பீர் விஷயமாக. யாரோ அதில் கை வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

கிறிஸ்துமஸுக்குத் திறந்த முதல் பாட்டிலே மூடியை நெம்பியதும் சீறி எழுந்து கூரையில் அடித்தது, கிளாஸில் விழுந்தது வெறும் நுரை. அப்புறம் கொட்டகையில் ஒன்று தானாகவே வெடித்து நாய் பக்கத்தில் கண்ணாடி சிதறியது. பக்கத்து வீட்டு க்ளாரி வேலிக்கு மேலே தலையை நீட்டி, என்னப்பா மெர்வ், பீர் காய்ச்சுறியா இல்ல துணி துவைக்கிறியா என்கிறான். அவனும் காய்ச்சுகிறவன்தான், மார்ச் கண்காட்சியில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் போட்டி, அவன் பீர் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. நான் எடுத்த எடுப்பில் பழி போடுகிற ஆள் இல்லை. வாளியில் பொங்கி அடங்கும் முன்பே அடைத்துவிட்டேனோ என்று யோசித்தேன், பொங்கி முடிந்ததைக் காட்டும் அளவு மிதவை ஒரே கோட்டில் நின்ற பிறகுதான் அடைத்தேன். பாட்டில் அழுக்கு என்றால் புளித்திருக்கும், புளிக்கவில்லை. சூடு என்றால் மேல்தட்டில் இருப்பதுதானே சீறவேண்டும், தரையில் இருப்பதும் சீறுகிறது. மிஞ்சியது சர்க்கரை. நுரை கட்டுவதற்காக அடைக்கும்போது பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் போடுவது, கூடினால் எல்லாம் நுரைதான். நான் போட்டது ஒரு ஸ்பூன், அப்படியானால் இன்னொன்றைப் போட்டது யார்? புல்வெட்டி எடுத்துப்போகக் கொட்டகைச் சாவி ஒன்று க்ளாரியிடம் இருக்கிறது.

நேற்று காலி பாட்டில்களில் சர்க்கரையைப் போட்டு வைத்துவிட்டு, சாப்பிட்டதும் கிளப்புக்குப் போகிறேன், வந்துதான் பீர் ஊற்றுவேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக் கிளம்பி, பின்பக்கமாக வந்து தக்காளிச் செடிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். க்ளாரி வரவில்லை. உன் அம்மா வந்தாள், கையில் சமையலறைச் சர்க்கரை டப்பாவும் புனலும். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு ஸ்பூன் போட்டாள். நான் உள்ளே போய்க் கத்தினேன், அவள் கத்தவில்லை. டப்பாவில் சர்க்கரை குறையவே இல்லை, அதனால் நான் மறுபடி மறந்துவிட்டேன் என்று நினைத்தாளாம். நான் கொட்டகையிலேயே தனிப் பொட்டலம் வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது, பழுப்புப் பாட்டிலில் அடியில் கிடப்பது கண்ணுக்கும் தெரியாது. அது என்ன மறுபடி என்று கேட்டேன். "போன குளிர்ல காய்ச்சினதுல ஒண்ணுல கூட நீங்க சர்க்கரை போடலைங்க. உங்க கூட்டாளிங்க ஒரு வாய் குடிச்சிட்டு வச்சுட்டாங்க. வழிஞ்சா சிரிப்பாங்க, போகட்டும். நுரையே இல்லேன்னா பாவம்னு பாக்குறாங்க, அத என்னால தாங்க முடியல" என்றாள். அது குளிரால் வந்த கோளாறு என்று நான் இப்போதும் சொல்கிறேன்.

அதோடு நிறுத்தவில்லை அவள். போன மாதம் உன் பிறந்தநாளுக்கு நான் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் பண்ணி வாழ்த்தினேனாம். இரண்டாவது தடவையும் நீ முதல் தடவை மாதிரியே சந்தோஷமாகப் பேசினாயாம். எனக்கு ஒரு தடவைதான் ஞாபகம் இருக்கிறது. நேற்றுவரை க்ளாரியைச் சந்தேகப்பட்டேன், இப்போது நீயும் அம்மாவும் சேர்ந்து எதையோ மூடி மறைக்கிறீர்களோ என்று இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது மகளே.

நேரத்துக்குச் சாப்பிடு, உனக்கு ஒரு குறையும் வராது, மகராசியாக இரு. பதிலை அம்மாவிடம் கலந்துகொள்ளாமல் நீயே எழுது. ஒரு தடவையா, இரண்டு தடவையா, அதை மட்டும் சொல். எனக்காகப் பொய் சொல்லாதே.

உன் அன்பு அப்பா,
மெர்வ்