அத்தை தூக்கக்கூடிய சிலிண்டர்

மஞ்சக்குட்டை, ஏற்காடு
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸ்டெஃபிக்கு,

ஷெர்வின் எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கும்போது இது என்ன கடுதாசி என்று கேட்பாய். போனில் பட்டறைப் பேச்சை எடுத்தாலே நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அப்புறம் லைன் கட்டாகிவிட்டது என்று இரண்டு பேருமே பொய் சொல்லிக்கொள்கிறோம். உன் வார்டு ஜோஸ்லின் அக்கா லீவு முடிந்து இந்த வாரம் குவைத் திரும்புகிறார்கள். காப்பித்தூளும் அத்தை தன் மகளுக்கென்று அரைத்த மிளகுப்பொடியும் அவர்கள் பெட்டியில் வருகின்றன. அவற்றுக்கிடையில் இதையும் செருகியிருக்கிறேன். டூட்டி முடிந்து, சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி.

முதலில் என் கை. இடது முழங்கைக்குக் கீழே தோல் முழுசாக வந்துவிட்டது. நீ சொன்ன களிம்பைத்தான் போடுகிறேன். வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டை போடுகிறேன். கொஞ்சம் அரிக்கிறது, சொறிவதில்லை. சொறிந்தால் அத்தை உன்னிடம் சொல்லிவிடுவார்கள் என்ற பயமே போதும்.

ஜூன் மாதம் நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அத்தை அன்றைக்கே உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். கார்பரேட்டர் கழுவின பெட்ரோலைத் தட்டிலேயே விட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே இரும்பு அறுக்கிற கட்டிங் வீல் போட்டேன். பொறி பறந்தது. அத்தை பயந்துபோய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்ற, பெட்ரோல் தண்ணீர் மேலேயே மிதந்துகொண்டு சமையலறைக் கதவு வரைக்கும் எரிந்துகொண்டே ஓடியது. ஈரச் சாக்கும் வெளியே கொட்டியிருந்த மணலும் இல்லையென்றால் ஊடு போயிருக்கும். அன்றைக்கு நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏனுங்க, அந்தக் கொட்டாய மூடிப்போட்டு எஸ்டேட் வேலைக்குப் போங்க. தெனமும் நான் இங்க யாரைப் பாக்கறன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. அந்தக் கட்டில்ல உங்க மூஞ்சிய நெனச்சுப் பாக்க என்னால முடியலீங்க." அதற்கு நான் கோபப்பட்டேன். தீக்காய வார்டில் நிற்கிறவளிடம் தீயைப் பற்றி வாதம் செய்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மூட எனக்கு மனசு வரவில்லை ஸ்டெஃபி. காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டது. செம்மநத்தத்திலிருந்தும் நம் ஊரிலிருந்தும் பழம் உரிக்கிற மெஷினை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இதை விட்டால் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டும். ஆனால் நீ சொன்னதை அப்படியே காற்றில் விட்டுவிடவும் முடியவில்லை. அதனால் ஒரு நாள் சேலத்துக்கு பஸ் ஏறினேன், தீயணைக்கிற சிலிண்டர் வாங்க. அத்தையும் கூடவே கிளம்பிவிட்டார்கள். எதற்கு என்று கேட்டால், "நீங்க மலிவா ஏதாச்சும் வாங்கிட்டு வந்துருவீங்க மாப்ள, நான் பாக்கணும்" என்றார்கள். ஹாஸ்டல் சமையல் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

கடையில் சசிகலா என்று ஒரு அம்மா. நான் உள்ளே போனதும், இருக்கிறதிலேயே பெரிய சிலிண்டராக ஒன்று கொடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல உங்க ஷெட்ல என்னென்ன எரியும்னு சொல்லுங்க" என்று கேட்டார். யோசித்தேன். பெட்ரோல், ஆயில், பழைய துணி, டயர், வெல்டிங் மெஷின், சுவிட்ச் போர்டு. சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. இத்தனைக்கும் நடுவில்தான் தினமும் பாட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். தண்ணீர் சிலிண்டர் நமக்கு ஆகவே ஆகாதாம். பெட்ரோலுக்கும் துணிக்கும் கரண்டுக்கும் சேர்த்துக் கேட்கிறது பவுடர் சிலிண்டர்தானாம். ஆனால் அந்தப் பவுடர் மோட்டாருக்குள்ளே போனால் அரித்துவிடும். அதனால் வெல்டிங் மெஷினுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் தனியாக வாயு சிலிண்டர் ஒன்று. அதை அடைத்த அறைக்குள் அடித்தால் நமக்கே மூச்சு முட்டும், அடித்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

நான் அப்போதும் பெரிய பவுடர் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அத்தையைக் காட்டி, "நீங்க ஊட்ல இல்லாதப்ப யாருங்க இதத் தூக்குவாங்க?" என்று கேட்டார். அத்தை உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தூக்கிப் பார்த்தார்கள். முழங்காலுக்கு மேலே அது எழும்பவில்லை. "இது நமக்கு ஆவாதுங்க கண்ணு, சின்னதாக் காட்டுங்க" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சின்னதை ஒரு கையால் தூக்கி, கடைக்குள்ளேயே வாசல் வரைக்கும் நடந்து காட்டினார்கள். ஆக, அத்தை தூக்கக்கூடியதாக ஒன்று, எனக்கு அடுத்த அளவில் ஒன்று, கூடவே வாயு சிலிண்டர். ஐ.எஸ்.ஐ. முத்திரை, மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா என்பதையெல்லாம் அத்தைதான் கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தார்கள்.

கடைக்குப் பின்னால் ஒரு தகரத் தட்டில் தீ மூட்டி எங்களை அடித்துப் பழகச் சொன்னார்கள். பின்னைப் பிடுங்க வேண்டும், குழாயைத் தீயின் அடிக்குக் காட்ட வேண்டும், அழுத்த வேண்டும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீச வேண்டும். அது சீறின சீறலுக்கு அத்தை "மாதாவே!" என்று கீழே போட்டுவிட்டார்கள். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அது கால் நிமிஷம்தான் வருகிறது. பத்து நிமிஷம் வரும் என்று நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அணையவில்லை என்றால் ஓட வேண்டியதுதான், வீரம் எல்லாம் வேண்டாம் என்று சசிகலா அம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நீ போன் செய்து சொல்லிவைத்தாயோ என்று சந்தேகம் வந்தது.

சிலிண்டரை வேலை செய்கிற மேஜைக்குப் பின்னால் மாட்டலாம் என்று நினைத்திருந்தேன். அது தப்பு. மேஜை எரிந்தால் அதைத் தாண்டிப் போய் யார் எடுப்பது? வாசல் பக்கம் மாட்டியிருக்கிறேன். வெளியே ஓடிவந்து, எடுத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் வழியை வைத்துக்கொண்டு நிற்கலாம். பெட்ரோல் கேன் இப்போது வெளியே கல் அடுக்கிக் கட்டின தனி அறையில் இருக்கிறது. சமையலறைப் பக்கக் கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். இனிமேல் காப்பி வேண்டுமென்றால் சுற்றித்தான் வர வேண்டும். அத்தைக்கு அதில் ஏக சந்தோஷம், காப்பி குறைந்துவிட்டதாம்.

நடுவில் ஊர்ச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். மழை நொம்ப. மலைப்பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து அரை நாள் பஸ் இல்லை. உன் ரோஜாச் செடி பிழைத்துக்கொண்டது, அவரைப் பந்தல் சாய்ந்துவிட்டது. கோயில் பாட்டுக் குழுவில் உன் இடத்தில் யாரையும் இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது சொல்லப்போவதைத்தான் போனில் உன்னிடம் சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை. பயப்படாதே, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு பெல்ட் வாங்க ஒண்டிக்கடை பஜாருக்குப் போயிருந்தேன். அத்தை ஊட்டில் தனியாக இருந்தார்கள். அப்போது சின்னராஜ் அண்ணன் ஓட்டுகிற ஜீப் முன்னால் புகையோடு வந்து, பட்டறை இருக்கிறதே என்று நம் வாசலில் நின்றிருக்கிறது. பின்னால் இருந்த பழம் பறிக்கிற பெண்கள் குதித்துவிட்டார்கள். முன் சீட்டில் சென்னம்மாள் அக்கா. எஸ்டேட்டில் வழுக்கி விழுந்து கால் உடைந்து, கட்டையை வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்கள். அவரால் இறங்க முடியவில்லை, அந்தப் பக்கக் கதவும் சிக்கிக்கொண்டது. பானெட் இடுக்கில் தீ தெரிய ஆரம்பித்ததும் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அத்தை போட்ட சத்தத்தில் அவள் குடத்தோடு நின்றுவிட்டாளாம். "தண்ணி வேண்டாம்டி, பெட்ரோலு! தள்ளு!"

அத்தை தன் சிலிண்டரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஓடினவர்கள் அழுத்துகிறார்கள், ஒன்றும் வரவில்லை. "பின்னப் புடுங்கவே மறந்துட்டேன் மாப்ள, நான் பாட்டுக்கு அமுக்கிட்டே நிக்கறேன், உள்ள சென்னம்மா கத்தறா" என்று பிறகு சொல்லும்போது அவர்களுக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் ஞாபகம் வந்து பிடுங்கி, ரெண்டு எட்டு தள்ளி நின்று, பானெட்டைத் திறக்கவிடாமல் அந்த இடுக்கு வழியாகவே அடித்திருக்கிறார்கள். தீ அமுங்கிவிட்டது. அதற்குள் சின்னராஜ் அண்ணன் சென்னம்மாள் அக்காவை டிரைவர் பக்கமாக இழுத்து இறக்கிவிட்டார். இறக்கினவர் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பானெட்டைத் தூக்கினார். காற்றுப் பட்டதும் திரும்பப் பிடித்துக்கொண்டது. அத்தை மிச்சம் இருந்ததையும் அடித்துத் தீர்த்துவிட்டு, ஓடிப்போய் என்னுடைய சிலிண்டரையும் இழுத்து வந்தார்கள். அதற்கு வேலை வரவில்லை. பேட்டரி வயரைக் கழற்றினதோடு முடிந்தது.

நான் வந்தபோது வாசல் முழுக்க வெள்ளையாக இருந்தது. சென்னம்மாள் அக்காவை வேறு ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அவருக்குக் கால் வலியைத் தவிர வேறு ஒன்றுமில்லை. அத்தை படியில் உட்கார்ந்திருந்தார்கள். தலை, புருவம், சேலை எல்லாம் பவுடர். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் சொன்னார்கள்: "எம்புள்ள நிக்கற மாதிரி ஒரு வார்டுக்குப் போகவேண்டியவள நான் நிறுத்திப்போட்டேன் மாப்ள."

ஸ்டெஃபி, அந்த ஒரு வார்த்தையில்தான் நீ தினமும் எங்கே நிற்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. தீ எரியும்போது நாங்கள் கொஞ்ச நேரம் பார்க்கிறோம். அணைந்த பிறகு மாசக்கணக்கில் அதோடு இருப்பவள் நீ. நீ மூடச் சொன்னது என் தொழிலை மட்டம் தட்டுவதற்கு அல்ல என்பதை இப்போது அறிவேன்.

அத்தையின் சிலிண்டரை மறுநாளே சேலத்துக்கு அனுப்பி நிரப்பி மாட்டியாகிவிட்டது. பட்டறையை மூட வேண்டாம் என்று அத்தை இப்போது என் பக்கம் பேசுகிறார்கள். ஆனால் அதை வைத்து உன்னிடம் ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை.

ஜோஸ்லின் அக்கா போகிற போக்கில் ஒன்று சொன்னார்கள். உங்கள் வார்டில் எல்லோரிடமும் இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்களாமே. நீ என்னிடம் சொல்லவில்லை. நானும் அதைப் பற்றி இதில் எதுவும் எழுதப்போவதில்லை. நீ எதையும் யோசித்துத்தான் செய்வாய்.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துவிடு. வந்து, பட்டறைக்குள் ஒரு தரம் நட. நோயாளியைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு மூலையையும் பார். அதற்குப் பிறகும் மூடுங்கள் என்றால், காரணம் கேட்காமல் அன்றைக்கே மூடிவிடுகிறேன். இருக்கட்டும் என்றால், அந்தச் சிலிண்டர்களை அடிக்கப் பழகிக்கொள். பாதிப் பட்டறை உன்னுடையது. அதைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

வெந்து வருகிறவர்களைத் தொட்டுத் தூக்குகிற உன் இரண்டு கைகளையும் ஆண்டவர் குளிர்ச்சியாக வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. வா.

என்றும் உன்,
ஷெர்வின்