உன் செல்கள்தான், சம்பத்து

சம்பத்து,

படுக்கை கிடைத்துவிட்டதாம், இன்றே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நீ நைட் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் கிளம்பிவிடுவேன். உட்காரவே முடியவில்லை, பையை மூன்று முறை திறந்து மூடிவிட்டேன். பால் காய்ச்சியிருக்கிறேன். பதினோரு மணிக்கு சிலிண்டர் வரும், வாங்கி வைத்துவிட்டுத் தூங்கு.

ஞாயிற்றுக்கிழமை, லுக்கேமியா திரும்பி வந்துவிட்டதே என்ற ஆத்திரத்தில், "நீ குடுத்த மஜ்ஜையும் என்னைக் கைவிட்டுடுச்சுடா"ன்னு கத்தினேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து நீ என்னோடு சாப்பிடவே இல்லை.

போன மாதம் என் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களை எடுத்தார்களே, அவற்றைப் புற்றுநோயைத் தேடிக் கொல்லும்படி லேபில் மாற்றியிருக்கிறார்கள். வியாழக்கிழமை திரும்ப ஏற்றுவார்கள். நேற்று டாக்டர் சொன்னார்: "அதெல்லாம் உங்க தம்பி மஜ்ஜையில இருந்து வந்த செல்லும்மா. அவரோடதுதான்."

பலிக்குமா என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார்.

வண்டி கீழே ஹார்ன் அடிக்கிறது.

நளினி அக்கா

வியாழன் லீவு போடு. அல்சூரில் மெட்ரோ பிடி, ஆட்டோ டிராஃபிக்கில் நின்றுவிடும்.

அப்புறம், செல்களை ஏற்றிய பிறகு ஜுரம் வந்தால் ஏதாவது உளறுவேனாம். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. கோபம் தீராவிட்டாலும் வந்து பக்கத்தில் உட்காருடா.