அது விறகன்று: கொன்றையாற்றுப் பாசறைக்கு ஓர் ஓலை

நலம் பெருகுக. ஏழு குன்றும் இரு சமவெளியும் உடைய செங்கரை நாட்டைத் தந்தைக்குப் பின் தாங்கி நிற்கும் இளநங்கை மாதேவி, கொன்றையாற்றின் இக்கரையில் பாசறை அமைத்து ஆற்றைக் கடக்க முழுமதி நாளை எதிர்நோக்கியிருக்கும் நம் படைத்தலைவர் வயிரமழவருக்கு விடுக்கும் ஓலை. உம் வீரர் பருகும் நீர் தெளிந்திருப்பதாக. உம் குதிரைகளின் குளம்பு நோவாதிருப்பதாக. அக்கரை மக்கள் ஒருவர்மேலும் உம் வேல் இன்னும் படாதிருப்பதாக.

மூன்றாவது வாழ்த்தைக் கண்டு நீர் திகைப்பீர். மழவரே, ஆற்றைக் கடக்காதீர். எந்த அவமதிப்பைத் துடைக்க உம்மை அனுப்பினேனோ, அந்த அவமதிப்பு நடக்கவே இல்லை.

நடந்ததை அவையில் நின்று கண்டவர் நீர். நம் முன்னோர் குளிர்ந்த மலையிலிருந்து இறங்கிய நாள் முதல் நாம் அறிந்த கீரை விதைத்து முளைக்கும் கீரைதான். பங்குனி வெயில் ஏறியதும் சிறுகீரை கருகும். தண்டுக்கீரை முற்றிப் பூத்துவிடும். பிறகு மழை வரும்வரை பச்சையிலை என்பது கண்ணுக்கும் கிடையாது. இவ்வாண்டு அந்தி சாய்ந்ததும் பிள்ளைகள் தூணிலும் சுவரிலும் முட்டிக்கொண்டார்கள். மாலைக்கண் என்று மருத்துவர் சொன்னார், கீரை கொடுங்கள் என்றார். கோடையிலும் வாடாத கீரை தங்கள் தோட்டங்களில் உண்டென்று கேள்வி, எங்கள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாருங்கள் என்று அக்கரை மருதவாரி மன்னருக்கு நானே கெஞ்சி எழுதினேன்.

வந்தது என்ன? அவருடைய தூதர் வெண்பூதியார் நாற்பது கட்டு இலையில்லாக் கொம்புகளை அவை நடுவில் இறக்கினார். சாவு வீட்டுக்கு உறவினர் ஆளுக்கொரு கட்டு விறகு அனுப்புவது நம் வழக்கமாயிற்றே. சென்ற ஆண்டு என் தந்தைக்கும் அப்படித்தானே வந்தது. போதாததற்கு ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் சாணம் அப்பியிருந்தது. பிள்ளைகளுக்குக் கீரை கேட்டால் சிதைக்கு விறகா, அதுவும் சாணம் பூசியா என்று என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தூதரைச் சிறையிலிட்டேன். அந்த விறகிலேயே படைக்கு விருந்து சமைக்கச் சொன்னேன். உம்மைப் போருக்கு ஏவினேன். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது எனக்கென்றே சொன்ன சொல்.

அடுக்களைத் தலைவி செம்பியாளை நீர் அறிவீர். உம் வீரர் அனைவரும் அவள் கைச்சோறு உண்டவர்கள். அந்த விறகு எரியாமல் புகைகிறது என்று அன்றே அவள் இருமிக்கொண்டு முறையிட்டாள். இருபத்தொன்பது கட்டுகளை வேறு விறகோடு கலந்து எப்படியோ எரித்துத் தீர்த்தவள், மிஞ்சிய பதினொன்றைப் பாத்திரம் கழுவும் நீர் ஓடுகிற சேற்றில் சினத்தோடு வீசிவிட்டாளாம். நேற்றுக் காலை, காவலரைத் தள்ளிக்கொண்டு அவைக்குள் வந்து நின்றாள்.

"தாயே, அது விறகு இல்ல. வந்து பாருங்க," என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஐயோ, மழவரே! அந்த அனல் வெயிலில், அந்தச் சாக்கடைச் சேற்றில், கொம்புக்குக் கொம்பு பச்சைத் துளிர். கட்டுகளைக் கட்டியிருந்த கொடியும் மண்ணில் வேர்விட்டுத் தடித்த இலை விட்டிருந்தது. அங்கேயே கழுவுகல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நானே சிறைக்குச் சென்றேன். அவையில் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று தூதரைக் கேட்டேன். மூன்று முறை வாய் திறந்ததாகவும் மூன்று முறையும் காவலர் வாயைப் பொத்தியதாகவும் அவர் அடக்கமாகச் சொன்னார். பொத்தச் சொன்னவள் நான்தான். விடுதலை எப்போது என்று அவர் கேட்கவில்லை; எத்தனை கட்டு மிச்சம் என்றுதான் கேட்டார். பதினொன்று என்றதும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவை முருங்கைக் கொம்புகளாம். வெட்டுவாய் காய்ந்துவிடாதிருக்கத்தான் சாணமாம். கட்டிய கொடி கொடிப்பசலையாம், அதுவும் கீரையாம். ஒருமுறை ஊன்றினால் ஆண்டுக்கணக்கில் நிற்குமாம்; பறிக்கப் பறிக்கத் தழைக்குமாம்; இடுப்பளவில் வெட்டிவிட்டால் இன்னும் கிளைக்குமாம். அக்கரைத் தோட்டங்களை எல்லாம் வெட்டிச் சாய்க்க ஆணையிட்டிருக்கிறேன் என்று அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

"மரத்தை வெட்டினா துளிர்க்கும் தாயே. காவலுக்கு நிக்கிற ஆளை வெட்டினா?" என்றார்.

அவருடைய மகன்கள் இருவர் அந்தத் தோட்டங்களில்தான் இருக்கிறார்களாம். அதற்குமேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

இப்போது என் மூடத்தனத்தின் உச்சியைக் கேளும். படையைத் திருப்பு என்று என் பெயரால் ஓலை வந்தால் அது பகைவர் சூழ்ச்சி, படிக்காமலே கிழித்தெறியும் என்று நான்தானே உமக்குச் சொல்லியனுப்பினேன்? என் வாயே என் ஓலைக்கு எமனாயிற்று. ஆகையால் நம் இருவரைத் தவிர வேறெவரும் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். நீர் புறப்பட்ட காலையில் வாளை உம்மிடம் நீட்டியபோது என் கை நடுங்கி அது படியில் விழுந்தது. நீர் குனிந்து எடுத்து, நான் கொடுத்ததாகவே தலைமேல் வைத்துக்கொண்டீர். அன்று காத்த என் மானத்தை இன்று இழக்கச் சித்தமாயிருக்கிறேன். அக்கரையில் ஓர் உயிரும் போகலாகாது.

நாம் இடும் ஆணை இது. படை ஆற்றைக் கடவாது. கடந்திருந்தால் அந்த நொடியே திரும்பும். வேல்களை இக்கரையில் ஊன்றிவிட்டு, நீரும் பத்து வீரரும் வெறுங்கையோடு அக்கரை சென்று, எம் அரசி பிழை செய்தாள், எரித்த இருபத்தொன்பது கட்டுக்கு ஈடாக மீண்டும் தந்தருள வேண்டும் என்று இரந்து நிற்பீராக. சாணத்தைத் துடைக்காமல் தோளில் சுமந்து வருவீராக. வெண்பூதியாருக்குச் சிறைக்கதவு திறந்தாயிற்று. பதினொன்றையும் ஊன்றி முடிக்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று அவர் அடுக்களைக்குப் பின்னே முழங்கால் சேற்றில் நிற்கிறார். எனக்கும் ஒரு கடப்பாரை கொடுத்திருக்கிறார்.

இவ்வோலையைக் கொண்டுவருபவள் செம்பியாள். கோட்டை வாயிலைத் தாண்டி அறியாதவள், தானே போவேன் என்று வண்டி ஏறினாள். ஓலையை நம்பாதவனும் அவள் முகத்தை நம்புவான். என்மேல் கடுங்கோபத்தில் இருக்கிறாள். படை நடுவே நின்று என்னை என்னென்ன சொல்லப்போகிறாளோ, அறியேன்.

சித்திரை வளர்பிறை பத்தாம் நாள், செங்கரைக் கோட்டையில், நம் கையாலேயே எழுதி இருகயல் முத்திரை வைத்தோம். செம்பியாள் பேசி முடிக்கும்வரை ஒருவனும் அவள் வாயைப் பொத்தலாகாது. இது ஆணை.