கழுத்தளவு மேடை

என் ஒட்டகச்சிவிங்கி அக்காவுக்கு,

வாடகைக்கு விடும் நம் மரவீட்டின் சமையலறையை அப்பாவும் நானும் புதுப்பிக்கிறோம். பழைய அலமாரியைப் பெயர்த்ததும், இத்தனை காலம் வாடகையே தராத எலிக்குடும்பம் ஒன்று கோபித்துக்கொண்டு காலி செய்தது.

அப்பா போட்ட புது மேடை என் கழுத்துக்கு வருகிறது. "இவ்ளோ உயரத்துல யாருங்க சமைக்கிறது?" என்றாள் அம்மா.

"நெட்டையா ஒருத்தி வருவா," என்று சுவரிடம் சொன்னார், உன் கல்யாணத்திலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனிதர்.

விடுமுறைக்கு வீடு கேட்டு யார் வந்தாலும், "ஆள் வருது" என்று அனுப்பிவிடுகிறார். யார் அந்த ஆள் என்று கேட்டேன்.

"வேலையப் பாருடா."

அத்தானையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. அதுவரை முக்காலியில் ஏறி நின்று அந்த மேடையைத் துடைப்பது நான்தான்.

உன் குள்ளக் கத்திரிக்காய்