சிறையறை விளக்கை அணைக்கக் கோரி

அனுப்புநர்:
கிரில் பட்டறை வெல்டரின் மனைவி,
தையல் தொழில்.

பெறுநர்:
சிறைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் கணவர் அடைபட்டிருக்கும் அறையின் விளக்கை அணைப்பது, அல்லது அவருடைய கறுப்புக் கண்ணாடியைத் திருப்பித் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கண் மருத்துவமனை உதவியாளரின் தாடையை என் கணவர் உடைத்தது உண்மை. அதை மறைக்க இந்த மனுவை எழுதவில்லை.

2. வெல்டிங் முகமூடிக்குள் மூக்குக் கண்ணாடி வியர்த்து மங்குகிறது, கண்ணாடியே வேண்டாம் என்று கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொண்டார். பார்வை தெளிந்தது. ஆனால் சில வாரங்களில், வெளிச்சம் பட்டாலே கண்ணில் ஊசி ஏற்றியதுபோல் துடித்தார். வெல்டிங் வெளிச்சம் தாக்கினால் பட்டறைக்காரர்களுக்கு ஓர் இரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். ஈரத்துணி கட்டிப் படுத்தால் போய்விடும். இதுவும் அதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நானும் துணியை நனைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

3. பிறகு வீட்டில் ஒரு பல்பு மிஞ்சவில்லை. இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்கினார். தையல் மெஷின் விளக்கை நான் போட்டதற்கு மெஷினையே தூக்கிச் சுவரில் எறிந்தார். நானும் சும்மா இருக்கவில்லை, கரண்டியால் நாலு வைத்தேன். அது எங்கள் குடும்ப விஷயம், வழக்கில் சேர்க்க வேண்டாம்.

4. கடைசியில் நான்தான் அவரை மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். வெளிச்சம் காட்ட வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். அந்த உதவியாளரோ, "நெருப்பையே பாத்துட்டிருந்த ஆளு, டார்ச்சுக்குப் பயப்படலாமா?" என்று சிரித்துக்கொண்டே, வெளிச்சத்துக்கு மறைப்பாக இவர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இமையை விரித்து டார்ச் அடித்தார். என் கணவர் அலறிக்கொண்டு குத்தினார். நாலு பேர் சேர்ந்து இழுக்கும்வரை அவர் கை நிற்கவில்லை. தரையெல்லாம் ரத்தம்.

5. புதிதாக வந்தவர்கள் தற்கொலை செய்துகொள்ளாமலிருக்க அவர்கள் அறையில் விளக்கை அணைப்பதில்லையாம். கண்ணாடியைப் பறித்ததற்கும் அதே காரணம்தானாம். நேற்று வந்து பார்த்தேன். சுவரில் முட்டி முட்டி நெற்றி பிளந்திருந்தது. கண்ணைத் தோண்டிவிடுவார் என்று கையைக் கட்டியிருந்தார்கள். "பட்டறையில என் முகமூடி தொங்குது, அதையாவது எடுத்துட்டு வா" என்றார். கொண்டுவந்தேன். வாசலில் வாங்க மறுத்துவிட்டார்கள்.

6. அவரை விடுவிக்கச் சொல்லவில்லை. எந்தத் தண்டனையானாலும் இருட்டில் அனுபவிக்கட்டும். இன்று மாலைக்குள் அந்த விளக்கை அணைக்க வேண்டுகிறேன். தவறினால் தங்கள் வாசல் விளக்கிலிருந்து நான் உடைக்கத் தொடங்குவேன். கல் கையிலேயே இருக்கிறது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாள்: அவரை அடைத்த நான்காம் நாள், காலை.
இடம்: தங்கள் சிறை வாசல்.

முகமூடியோடு காத்திருக்கும்,
(கையொப்பம்)
வெல்டரின் மனைவி