முத்துலிங்கம் குரலுடன் வந்த கணக்குப் பாடம்

அனுப்புநர்:
செல்வி ம. பவுலின், பி.ஏ.,
உதவி ஆசிரியை,
கீழ்ப்பிரிவுத் தமிழ் வித்தியாலயம்,
லிந்துலை.

பெறுநர்:
பிராந்தியக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
கல்விக் கந்தோர்,
நுவரெலியா.

விடயம்: எமது பாடசாலைக் கணனியை இம்மாதம் 30ஆம் திகதி திருப்பி எடுக்கும் உத்தரவு, குற்றம் என்னுடையது என அறிவித்தலும், தண்டனையைப் பிள்ளைகளுக்கு அல்லாமல் எனக்கே தரும்படி கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இப்படி எழுதித் தங்கள் நேரத்தை எடுப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டுகிறேன். நேரில் சொல்லத்தான் வந்தேன். சென்ற வெள்ளிக்கிழமை தங்கள் கந்தோர் வாசல்வரை வந்தேன். காவலாளி "யாரப் பாக்கணும்?" என்று கேட்டதும், "தபால் கந்தோர் எங்கங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் காட்டிய திசையில் நடந்து, தேவையில்லாத இரண்டு முத்திரைகளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த முத்திரைகளே இந்த உறையில் ஒட்டப்பட்டுள்ளன.

1. நான் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள். பட்டம் புவியியலில். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அப்பா, என் குடையிலும் 'பவுலின் பி.ஏ.' என்று வெள்ளைப் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார். சென்ற வருடம் வெளிநாட்டு நன்கொடையாக எங்கள் பாடசாலைக்கு ஒரு கணனி வந்தது. அதை யார் பொறுப்பேற்பது என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் என் குடையைப் பார்த்தார்கள். இவ்வாறே நான் கணனி ஆசிரியையானேன்.

2. அந்தக் கணனியைத் தொலைக்காட்சிப் பெட்டியில் இணைக்க வேண்டும். பாட்டுக் கசெட் போன்ற ஒரு கசெட்டில் பாடம் பதியப்பட்டிருக்கும். அதைச் சாதாரண கசெட் ரெக்கோடரில் ஓடவிட்டால் கணனி உள்வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு இயந்திரம் வந்ததே தவிர, பாடக் கசெட் ஒன்றுகூட வரவில்லை. மூன்று மாதம் பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், எல்லாம் விளங்கியவள் போல.

3. வேறொரு பாடசாலையில் கற்பிக்கும் என் தோழி, அங்குள்ள கணக்குப் பாடக் கசெட்டை இரண்டு வாரத்துக்கு இரவல் தந்தாள். அவள் பெயரைக் கேட்க வேண்டாம் என்று வேண்டுகிறேன். இரவல் தந்தது மட்டுமே அவள் செய்தது. அந்தப் பாடத்தில், விடை சரியென்றால் திரையில் ஒரு தவளை அடுத்த கல்லுக்குத் தாவும். பிரதி எடுக்கக் கூடாது என்று கசெட்டின் உறையில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. ஆங்கிலம் விளங்காமல் செய்தேன் என்று எழுதித் தப்பலாம். ஆனால் குடை சாட்சி சொல்லிவிடும்.

4. அட்டனில் திரு. முத்துலிங்கம் நடத்தும் ஒலிப்பதிவுக் கடைக்கு அதைக் கொண்டுபோனேன். பாட்டுப் பட்டியல் கொடுத்து வெற்றுக் கசெட்டில் பதிந்து வாங்குவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. எல்லோரோடும் வரிசையில் நின்றபோது என் தவறு எனக்கே சிறிதாகத் தெரிந்தது. கசெட்டைப் போட்டுப் பார்த்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னாங்க டீச்சர், தண்டவாளத்துல கோச்சி பிரேக்கு போட்ட மாதிரி கீச்சுங்குது! கெசட்டு பூசணம் புடிச்சிருச்சுபோல."

"இல்லீங்கண்ணே, அது அப்படித்தான்."

"இதையா புள்ளைங்களுக்குப் போடப் போறீங்க? பாவங்க. நான் கொஞ்சம் எக்கோ குடுத்துத் தாறேன், கேக்குற மாதிரி இருக்கும்."

கணனிக்கு அந்தக் கீச்சுச் சத்தமே பாடம்; அவர் இரக்கப்பட்டு மெருகேற்றிய பிரதியை அது ஏற்கவில்லை. மறுவாரம் போய், மெருகில்லாமல் பதிந்து வாங்கினேன். ஆனால் தாம் பதியும் ஒவ்வொரு கசெட்டின் தொடக்கத்திலும் தமது குரலைச் சேர்ப்பது அவர் வழக்கம்; அதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "முத்துலிங்கம் ஒலிப்பதிவு நிலையம், அட்டன். போலிப் பதிவுகளை வாங்கி ஏமாறாதீர்கள்" என்று எதிரொலியுடன் முழங்கிய பிறகே எங்கள் கணக்குப் பாடம் ஆரம்பிக்கும். அந்தக் குரல் முடியும்வரை கேட்டு நின்று, பிறகு கணனிக்குப் போகும் வயரை ரெக்கோடரில் செருகுவேன்; செருகியதும் வெளியே சத்தம் கேட்காது. பிள்ளைகள் அதையும் பாடத்தின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

5. ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். ஆளுக்குப் பத்து நிமிடம். பின்னக் கணக்கு என்றால் வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போனவர்கள், தவளைக்காக மழையிலும் வந்தார்கள். இது என் திறமையல்ல. என்னைப் பார்க்க யாரும் மழையில் வந்ததில்லை.

6. மே 24ஆம் திகதி தங்கள் அதிகாரி ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். குரல் அவர் காதில் விழாதிருக்க, அன்று நான் வயரை முன்கூட்டியே செருகிவிட்டேன். ரெக்கோடர் சத்தமின்றிச் சுழன்றது. வழக்கமாகக் கேட்பது கேட்கவில்லையே, டீச்சர் மறந்துவிட்டார் போலும் என்று நினைத்த பிள்ளைகள் எனக்கு உதவி செய்தார்கள். வகுப்பே எழுந்து நின்று ஒரே குரலில், "போலிப் பதிவுகளை வாங்கி ஏமாறாதீர்கள், தீர்கள், தீர்கள்" என்று எதிரொலியோடு ஒப்புவித்தது. அதிகாரி கசெட்டைக் கழற்றிப் பார்த்தார். மிகுதி தங்கள் கந்தோர்க் கோவைக் கடதாசிகளில் இருக்கும்.

7. அப்போது எங்கள் பாடசாலை அதிபர் திரு. வீரய்யா, "எல்லாம் எனக்குத் தெரிஞ்சுதாங்க நடந்துச்சு" என்று கூறினார். இது உண்மையல்ல. அவர் கரண்டுக்குப் பயந்து அந்த அறைக்குள் வருவதேயில்லை. வாசலில் நின்று "நல்லா ஓடுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். எனக்காகப் பொய் சொன்னவரிடம் விளக்கம் கேட்டுத் தாங்கள் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். நான் வாய் திறக்காமல் நின்றதால் வந்தது அது.

8. நான் செய்தது தவறே. எங்கேயோ ஒருவர் இருந்து யோசித்து அந்தத் தவளையைத் தாவ வைத்திருக்கிறார். என் அம்மா பொறுக்கிக் காயவைத்த விறகை இன்னொருவர் தூக்கிப்போனால் முழு லயமும் திரண்டு வந்து கேட்கும். அந்த மனிதருக்கு லிந்துலையில் லயம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எங்களிடம் வசதியில்லை என்பது நான் ஏன் செய்தேன் என்பதற்குக் காரணம். செய்தது சரி என்பதற்கு அது காரணமாகாது.

9. ஆனால் கணனியை எடுத்துவிட்டால் அந்த மனிதருக்கும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. பிரதி எடுக்காத பிள்ளைகளே தண்டிக்கப்படுவார்கள். ஆகவே பிரதியைத் தங்கள் முன்னிலையில் அழிக்கவும், என் சேவைப் பதிவில் குற்றத்தை எழுதவும், அதிபரை விடுவிக்கவும், கணனியைப் பாடசாலையிலேயே விட்டுவைக்கவும் வேண்டுகிறேன். பாடத்தைத் தயாரித்த நிறுவனத்துக்கு மன்னிப்புக் கேட்டும், முறைப்படி ஒரு கசெட் பெறுவது எப்படி என்று கேட்டும் எழுதிய கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் பார்வையிட்டு அனுப்பி வைத்தால் அதற்கு ஒரு மரியாதை இருக்கும்.

10. இவ்வளவையும் எழுதிவிட்டு, உண்மையில் எழுத வந்ததை இன்னும் எழுதவில்லை.

என் வகுப்பில் சண்முகவடிவு என்றொரு மாணவி. பெப்ரவரி மாதச் சோதனையில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதினாள். பார்த்து எழுதுவதும் களவுதான் என்று நீண்ட பிரசங்கம் செய்து, இரண்டாம் தவணை முடியும்வரை கணனி அறைக்குள் வரக்கூடாது என்று விதித்தேன். அழுதாள், நான் இரங்கவில்லை. பட்டதாரி இரங்கினால் பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள் என்று எண்ணினேன். கணனி முன் உட்காரும் அவள் முறை அதுவரை வந்திருக்கவில்லை. அன்றிலிருந்து யன்னலுக்கு வெளியே நின்றே பாடம் பார்த்தாள். பரிசோதனை நாளிலும் அங்கேதான் நின்றாள். அதிகாரி போனபின், கேலியாக அல்ல, மெய்யாகவே விளங்காமல் கேட்டாள்:

"டீச்சர், அப்ப நீங்களும் பாத்துத்தான் எழுதுனீங்களா?"

"ஆமா புள்ள" என்றேன். "உள்ள வா, உக்காரு" என்று நான் கூப்பிட்டபோது கணனி அலுமாரிக்குள் போய் முத்திரை வைக்கப்பட்டிருந்தது. நாற்பது பேர் அதன் முன் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பத்தோராவது ஆள் அவள்.

எனக்கும் பாடசாலைக்கும் தாங்கள் தண்டனை தந்தாலும் இரக்கம் காட்டினாலும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் 30ஆம் திகதி வண்டி வருவதற்கு முன் அந்த முத்திரையைப் பத்து நிமிடம் அகற்ற மட்டும் அனுமதி தாருங்கள். தன் பெயர் தெரிந்தாலும் பரவாயில்லை என்று தோழி ஒப்புக்கொண்டுள்ளாள்; உண்மையான கசெட்டைத் தன் பாடசாலை அதிபரின் அனுமதியுடன் தானே கொண்டுவந்து, தானே போட்டு, கையோடு திருப்பிக் கொண்டுபோவாள். சண்முகவடிவு உள்ளே உட்காரட்டும். அந்தப் பத்து நிமிடமும் நான் யன்னலுக்கு வெளியே, அவள் நின்ற இடத்தில் நிற்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ம. பவுலின்

இடம்: லிந்துலை
திகதி: 1988.06.14